மறுப்புக் கடிதம், எண் ஒன்பது

2024 ஜூலை 9, செவ்வாய்க்கிழமை, முற்பகல் பதினொன்று இருபதுக்கு, காரைக்காலில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஆளெடுப்புப் பிரிவுக்கு, மீனவர் ஊரான பட்டினச்சேரியைச் சேர்ந்த மலர்க்கொடி என்னும் இருபத்து மூன்று வயதுப் பெண், எங்கள் கடிதத்தின் அச்சுப்படியுடன் வந்தாள். அறையில் இருந்தவர்கள் இருவர்: பிரிவின் பொறுப்பாளர் உம்மு சல்மா, மற்றவள் ழோசெத் ஆகிய நான்.

அலுவலகக் கடிதப் போக்குவரத்தை முப்பத்து நான்கு ஆண்டுகள் நடத்தி ஓய்வுபெற்ற என்னை இங்கே ஒரே வேலைக்காக வைத்திருந்தார்கள். ஆளெடுக்கும் மென்பொருளில் மாதிரிக் கடிதங்கள் உண்டு. விண்ணப்பித்தவரின் பெயருக்கு எதிரே ‘நேர்காணல்’ என்றோ ‘மறுப்பு’ என்றோ அழுத்தினால், உரிய கடிதம் பெயரைத் தானே நிரப்பிக்கொண்டு மின்னஞ்சலில் போய்விடும். நான் சேர்ந்தபோது மறுப்புக்கு மட்டும் ஐந்து கடிதங்கள் கிடந்தன. ஒன்றின் கீழே எப்போதோ விலகிப்போன மேலாளரின் பெயர் இருந்தது. வேண்டாதவற்றை நீக்கி, எல்லா வகையிலுமாக எஞ்சிய பதினேழுக்கும் எண் கொடுத்தேன். ஒன்பதாவது, மறுப்பு. அதை எழுத நான்கு நாள் எடுத்துக்கொண்டேன். படிப்பவர் மனம் நோகக் கூடாது என்று, “உங்கள் விவரங்களை வைத்திருக்கிறோம். உங்களுக்குரிய இடம் அமையும்போது அழைப்போம்” என முடித்தேன். அந்த முடிவில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

மலர்க்கொடியின் கையில் இருந்தது அந்தக் கடிதம்தான். சென்ற நவம்பரில் ஆய்வகப் பணிக்கு விண்ணப்பித்து அதைப் பெற்றிருந்தாள். பிறகு நாகப்பட்டினத்தில் ஓர் ஆய்வகம் கூப்பிட்டதாம். காரைக்காலில் தனக்கு இடம் இருக்கிறது என்று சொல்லி மறுத்துவிட்டாளாம். இப்போது அதே ஆய்வகம் மறுபடியும் கூப்பிட்டிருக்கிறது. இன்று பகல் ஒரு மணிக்குள் பதில் சொல்லாவிட்டால் வேறு ஆளை எடுத்துக்கொள்வார்கள். எங்களிடம் கேட்காமல் போவது முறையில்லை என்று வந்திருக்கிறாள்.

அது எல்லாருக்கும் போகும் கடிதம் என்று உம்மு சல்மா பதமாகச் சொல்லிப் பார்த்தார். மலர்க்கொடிக்கு விளங்கவில்லை.

“எங்கப்பா ஒருத்தருக்குப் படகுல இடம் வெச்சிருக்கேன்னு சொல்லிட்டா, அவரு வேற படகுல ஏறமாட்டாருங்க. அப்பாவும் வேற ஆள ஏத்தமாட்டாங்க. நீங்க வெச்சிருக்கோம்னு எழுதியிருந்தீங்க. அதான் நான் எங்கயும் போகல.”

உம்மு சல்மா என் பக்கம் குனிந்து, இரண்டு மாதத்தில் ஓர் இடம் காலியாகக்கூடும், காத்திருக்கச் சொல்லலாமா என்றார். இரக்கத்தில்தான் கேட்டார். உறுதியா என்றேன். இல்லை என்றார்.

நாற்காலியை இழுத்து அந்தப் பெண்ணின் அருகில் உட்கார்ந்தேன்.

“இத எழுதினது நான்தாம்மா. இங்க உனக்குன்னு யாரும் இடம் வெக்கல. நீ வருத்தப்படக் கூடாதேன்னு அப்படி எழுதிட்டேன். தப்பு என்னோடது. நாகப்பட்டினத்துக்குச் சரின்னு சொல்லிடு.”

அவள் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள். ஈரம் படாமல் நெகிழி உறைக்குள் வைத்திருந்தாள்.

“அப்ப எட்டு மாசமா நான்தான் உங்களுக்கு இடம் வெச்சிருந்தேன் போலருக்கு” என்றாள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

என்னால் சிரிக்க முடியவில்லை. அவள் கையைப் பற்றிக்கொண்டேன். அலுவலகத்தில் நான் செய்கிற காரியமன்று. அவள் விடுவித்துக்கொள்ளவில்லை. மற்றொரு கையால் கைப்பேசியை எடுத்து எண்ணை அழுத்தினாள்.

நாகப்பட்டினத்து ஆய்வகத்தார் எடுத்தார்கள். முன்பு சொன்ன பகல் வேலை போய்விட்டது. பிற்பகல் இரண்டு முதல் இரவு ஒன்பது வரையிலான பணிமுறைதான் இருக்கிறது என்றார்கள். திரும்பிவரப் பேருந்து எத்தனை மணி வரை உண்டு என்று எங்களைக் கேட்டாள். உம்மு சல்மா விசாரித்துச் சொன்னார். வருகிறேன் என்று அவள் ஒப்புக்கொண்டபோது பன்னிரண்டு பத்து.

பிற்பகல் பட்டியலை எடுத்தோம். ஒன்பதாம் எண் கடிதம் இருநூற்றுப் பதினான்கு பேருக்குப் போயிருந்தது. அவர்களில் காத்திருப்பவர் யார் என்பதை மென்பொருள் காட்டாது.

முடிவு செய்தவை இவை. அந்தக் கடிதத்தின் கடைசி இரண்டு வாக்கியங்கள் நீக்கப்பட்டன. அவற்றுக்குப் பதிலாக, “இந்தப் பணிக்கு உங்களைத் தேர்ந்தெடுக்கவில்லை. உங்களுக்கென இங்கு இடம் எதுவும் வைக்கப்படவில்லை. வேறிடத்தில் வேலை கிடைத்தால் தயங்காமல் சேருங்கள்” என்று சேர்க்கப்பட்டது. மலர்க்கொடி நீங்கலாக, முன்பு பெற்ற இருநூற்றுப் பதின்மூன்று பேருக்கும் இதையே, வருத்தம் தெரிவித்து, வியாழக்கிழமைக்குள் அனுப்புவது. பிரிவின் பெயருக்குக் கீழே என் பெயரையும் தொலைபேசி எண்ணையும் இடுவது.