அடக்க விலை

ஜவுளிக்கடைக்காரருக்கு ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் மனைவி, நடுவில் சொட்டு மருந்துக் குழாய். கையை நீட்டினால் குழாய் இழுத்தது. காலை மடக்கினால் எலும்பு இழுத்தது.

எல்லாம் அவரே இழுத்துவிட்டுக்கொண்ட வினை. முழங்காலுக்குக் கீழே எலும்பில் முதலில் சீழ் பிடித்தபோது, ஆறு வாரம் மாத்திரை என்றார் டாக்டரம்மா. முதலில் சொல்கிற விலை எங்கே உண்மையாக இருந்திருக்கிறது? பாதியில் வலி போனதும் நிறுத்திவிட்டார். யாரிடமும் மூச்சுவிடவில்லை, அடித்த லாபத்தை எவன் வெளியே சொல்வான்? கிருமி எலும்புக்குள் பதுங்கியிருந்து வட்டியோடு திரும்பியது. அறுத்துச் சுத்தம் செய்தார்கள். மறுபடியும் ஆறு வாரம், இம்முறை ஊசி வழியாக, இதே கட்டிலில்.

“மூணு வாரத்துல முடிச்சுக்குவோம், டாக்டரம்மா.”

“ஆறு.”

“உங்களுக்கும் வேணாம், எனக்கும் வேணாம். நாலரை!”

“நான் என்ன துணியா கிழிக்கிறேன்? எலும்புக்குள்ள மருந்து போய்ச் சேர்றதே பெரும்பாடு. இந்தத் தடவையும் பாதியில விட்டா, அப்புறம் எந்த மருந்துக்கும் மசியாது. காலைத்தான் எடுக்கணும்.”

“அங்க கடையில இவ தம்பி, கேட்ட விலைக்கே தூக்கிக் குடுத்துட்டிருப்பான்!”

“என் தம்பிக்கு ரெண்டு காலும் இருக்கு” என்றாள் மனைவி.

கடைசி அஸ்திரத்தை எடுத்தார் அவர். செருப்பை மாட்டி, மருந்து தொங்கும் கம்பியை உருட்டிக்கொண்டு எழுந்தார். “எனக்கு ஒத்துவராது, நான் கிளம்பறேன்.”

நொண்டி நொண்டி நடந்தார். காது மட்டும் பின்னாலேயே இருந்தது. ‘அட, வாங்க சார், கடைசியா சொல்லுங்க’ என்று எந்த நேரத்திலும் குரல் வரும். வாசல் வந்தது; குரல் வரவில்லை. லிப்ட் திறந்து, காலியாகக் காத்திருந்து, மூடிக்கொண்டது. திரும்பிப் பார்த்தார். டாக்டரம்மா அடுத்த கட்டில்காரரின் நாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைக்காரருக்குத் தெரியாத கணக்கா? போகிறவனைத் திரும்பக் கூப்பிடவில்லை என்றால், சொன்னது அடக்க விலை. அதற்குக் கீழே ஒன்றுமில்லை, காலைத் தவிர.

கம்பியை உருட்டிக்கொண்டு திரும்பி வந்தார்.

“என்னங்க, போகலையா?” என்றாள் மனைவி.

“லிப்ட்டுல கூட்டம்.”

படுத்தார். மனைவி அவர் செருப்பைக் கட்டிலுக்கடியில் காலால் தள்ளினாள், அவர் கை எட்டாத மூலைக்கு.