கம்பளிக்குள் ஓர் அறைவீடு

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை, ஒட்டுக்கேட்டேன். அதுகூடச் சற்றுப் பெருமையாகச் சொல்வதுதான். ஒட்டுக்கேட்கிறவன் எழுந்து போய்ச் சுவரில் காதை வைக்க வேண்டும். நான் பாயில் மல்லாந்து படுத்திருந்தேன். கதை தானாகச் சுவரேறி வந்து என் நெஞ்சில் குதித்தது.

ராகலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் நான் பள்ளிக்கூட மாஸ்டர். மாஸ்டருக்கென்று இருந்த வீட்டின் கூரைத் தகரத்தைப் போன வருஷத்துக் காற்று கொண்டுபோய்விட்டது. புதுத் தகரம் வரும்வரை இருங்கள் என்று லயத்தில் ஒரு காம்பராவைக் கொடுத்தார்கள். இது ஐம்பத்தேழாம் வருஷம்; தகரம் இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

லயத்தைப் பார்த்திராதவர்களுக்கு: ஒரே நீளக் கூரை, அதன் கீழே வரிசையாகக் காம்பரா என்கிற ஒற்றை அறைகள், அறைக்கு ஒரு குடும்பம். அறைக்கும் அறைக்கும் நடுவே சுவர் உண்டு. ஆனால் கட்டியவர்கள் அதைக் கூரைக்கு ஒரு முழம் கீழேயே நிறுத்திவிட்டார்கள். கல் தீர்ந்துபோனதா, மனசு தீர்ந்துபோனதா தெரியவில்லை. அந்த ஒரு முழ இடைவெளியில்தான் எங்கள் புகை, இருமல், சண்டை, தாலாட்டு எல்லாம் போய்வருகின்றன. இந்தக் கதையும் அந்த வழியாகத்தான் வந்தது.

2

இனித் தொடக்கம்.

"பனி மூடிய மலைச்சரிவில், கூடையைச் சுமந்தபடி மார்த்தாள் மெல்ல—"

வேண்டாம். பனியில் தொடங்கினால் பத்திரிகைக்காரர்களுக்குப் பிடிக்கும். இங்கே பனி என்றால் சளி.

"மார்த்தாள் ஒரு நல்ல கிறிஸ்தவப் பெண். அவளுக்கு அடுத்த காம்பராவில் ராக்காயி என்ற—"

எழுதியதை உரக்கப் படித்துப் பார்ப்பது என் பழக்கம். (கெட்ட பழக்கம். லயத்தில் இருக்கிறவனுக்கு மிகக் கெட்ட பழக்கம்.) "நல்ல" என்று நான் படித்ததும் பக்கத்துக் காம்பராவில் ஒரு கனைப்பு எழுந்தது. அது ராக்காயி. உடனே "நல்ல" என்பதை அடித்துவிட்டு மறுபடி படித்தேன். அதற்கும் அப்பால் ஓர் அகப்பை தரையில் விழுந்தது. அது மார்த்தாள். "நல்ல" திரும்பி வந்தது.

என் சங்கடம் இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். பாத்திரங்கள் காதில் விழும்படி கதை எழுத வேண்டியிருக்கிறது.

3

இருவரும் கொழுந்து பறிக்கிறவர்கள். மலையில் பக்கத்துப் பக்கத்து நிரை. மழையில் ராக்காயியின் கூடை கனத்தால் மார்த்தாள் ஒரு கை கொடுப்பாள். லயத்துக்கு வந்தால் ராக்காயி பலகைமேல் ஏறிச் சுவருக்கு மேலே ரொட்டியை நீட்டுவாள். மார்த்தாள் அதே வழியில் தேத்தண்ணியை நீட்டுவாள். கோப்பை பாதி வழியில் சிந்தினால் இருவரும் சிரிக்கிற சிரிப்பில் என் எழுத்து கெட்டுப்போகும்.

அதெல்லாம் பெரிய வெள்ளிக்கிழமை வரைதான்.

அன்று மார்த்தாள் உபவாசம். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பகல் ஆராதனைக்கு அவள் புறப்பட்டுக்கொண்டிருந்தபோது சுவருக்கு மேலே கருவாடு சுடுகிற வாசம் வந்தது. லேசான வாசமல்ல, உபவாசம் இல்லாத எனக்கே நாக்கில் நீர் ஊறியது. மார்த்தாள் கொஞ்ச நேரம் ஜெபித்துப் பார்த்தாள். பிறகு சட்டித் தண்ணீரை எடுத்து, பலகைமேல் ஏறி, ராக்காயியின் அடுப்பு இருக்கிற திசையில் வீசினாள். வீசிவிட்டு வேதப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டாள்.*

அன்றோடு இருவருக்கும் பேச்சு இல்லை. மலையில் நிரையை மாற்றிக்கொண்டார்கள். சுவருக்கு மேலே ரொட்டி போகவில்லை, தேத்தண்ணி வரவில்லை. அந்தச் சிரிப்பும் இல்லாமல் என் எழுத்து நன்றாக ஓடியது. எனக்கு அது பிடிக்கவே இல்லை.

* கோயிலில் அன்று மன்னிப்பைப் பற்றிப் பேசினார்களாம். தாங்கள் செய்வது இன்னதென்று தெரியாமல் செய்கிறவர்களை மன்னிப்பது பற்றி. மார்த்தாள் முழு நேரமும் ராக்காயியை நினைத்துக்கொண்டே உருக்கமாகக் கேட்டிருக்கிறாள்.

4

எங்கள் தோட்டத்துச் சின்னக் கோயிலுக்கு நுவரெலியாவிலிருந்து போதகர் எப்போதாவதுதான் வருவார். வந்தால்தான் அப்பமும் ரசமும் தருகிற திருவிருந்து. மார்த்தாள் அதற்காக மாதக்கணக்கில் காத்திருப்பவள். வருகிற ஞாயிறு அவர் வருகிறார் என்ற செய்தியோடு, கோயிலைப் பார்த்துக்கொள்கிற உபதேசியார் லயத்துக்கு வந்தார். வாசலில் நின்றபடியே, எல்லோருக்கும் கேட்கும் குரலில், இரண்டு புத்திமதிகளும் சொன்னார். ஒன்று, மனஸ்தாபத்தோடு திருவிருந்துக்கு வரக்கூடாது. யாருக்காவது உன்மேல் குறை இருந்தால் முதலில் அவரிடம் போய் ஒப்புரவாக வேண்டும். இரண்டு, அதற்கு ஜெபிக்க வேண்டும். அறைவீட்டுக்குள் போய், கதவைச் சாத்தி, அந்தரங்கமாக.

இரண்டும் மலைப்பிரசங்கத்தில் உள்ளவை. இயேசு மலைமேல் சொன்னதுதான். ஆனால் அந்த மலையில் லயம் இருந்திருக்காது என்று நினைக்கிறேன். அறைவீடு என்றால் வீட்டுக்குள்ளே இன்னோர் அறை. எங்களிடம் இருப்பதே ஓர் அறை, அதற்கும் சுவர் முக்கால்தான்.

மார்த்தாள் விடவில்லை. தேயிலைச் செடிகளுக்கு நடுவே குந்தி ஜெபித்தாள். தூங்குகிறாள் என்று கங்காணி அரை நாள் கூலிக்குத்தான் பேர் போட்டார். விறகுக் குவியலுக்குப் பின்னால் போனாள். அங்கே ஏற்கெனவே ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது, அது இடம் கொடுக்கவில்லை. கடைசியில் மழைக்குப் போர்த்துகிற கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு காம்பரா மூலையில் உட்கார்ந்தாள். அவளுக்கு அதுவே அறைவீடு.

அதில் ஒரு சிக்கல். கனத்த கம்பளிக்குள் இருப்பவருக்கு வெளியே இருப்பது எதுவும் சரியாகக் கேட்காது. ஆகவே தான் பேசுவதும் வெளியே கேட்காது என்று மார்த்தாள் நம்பினாள். நம்பித் தாராளமாகவே குரலெடுத்தாள்.

5

"ஆண்டவரே, இந்த ராக்காயிய மன்னிக்கிற மனச எனக்குத் தாங்க. கஷ்டமாத்தான் இருக்கு. அந்தக் கருவாட்ட நெனச்சாலே கோவம் வருது. ஆனாலும் நான் முயற்சி பண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன், நீங்களும் பாத்துக்கிட்டுத்தான இருக்கீங்க."

லயம் முழுவதும் அடுப்பை ஊதுவதை நிறுத்தியது. ராக்காயி தன் மாரியம்மன் படத்துக்கு முன்னால் விளக்கை ஏற்றினாள். அவளும் குரலை அடக்கவில்லை.

"மாரியாத்தா, கேட்டியா. என்னைய மன்னிக்கிறாங்களாம். யாரு அடுப்புல யாரு தண்ணி ஊத்துனாங்கன்னு நீயே சொல்லு தாயே."

கம்பளி சற்று விலகியிருக்க வேண்டும்.

"ஆண்டவரே, பெரிய வெள்ளிக்கெழமயும் அதுவுமா கருவாடு சுடலாமான்னு ஒரு மனுசிக்குத் தெரிய வேணாமா."

"ஆத்தா, எனக்கு எல்லா வெள்ளிக்கெழமயும் ஒரே அளவுதான்."

யாரோ சிரித்துவிட்டு இருமலாக மாற்றினார்கள். (நான்தான்.) இப்படியே தினமும் மாலையில் நடந்தது. ஒருவரோடு ஒருவர் ஒரு சொல்கூடப் பேசவில்லை, பேச்சுக்கும் குறைவில்லை. நடுவில் இரண்டு தெய்வங்களும் தபால் வேலை பார்த்தன என்று எழுதினால் உபதேசியார் கோபித்துக்கொள்வார். எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

6

சனிக்கிழமை மாலை. விடிந்தால் போதகர் வந்துவிடுவார். கதைக்கும் ஒரு முடிவு தேவைப்பட்டது. உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, இரண்டு முடிவுகளை எழுதி உரக்கப் படித்தேன்.

முதல் முடிவு: ராக்காயி மனம் வருந்தி, மார்த்தாளிடம் வந்து மன்னிப்புக் கேட்கிறாள்.

"மாஸ்டர், அந்தத் தாள அடுப்பு மூட்டக் குடுத்துருங்க" என்றாள் ராக்காயி.

இரண்டாம் முடிவு: மார்த்தாள் பெருந்தன்மையோடு ராக்காயியை மன்னித்து—

"இது நல்லாருக்குங்க மாஸ்டர்" என்று மார்த்தாள் குரல் கேட்டது.

ராக்காயி விளக்குத் திரியைத் தூண்டினாளோ என்னவோ, சுவருக்கு மேலே வெளிச்சம் சற்றுக் கூடியது. பிறகு அம்மனிடம் சொன்னாள்.

"மாரியாத்தா, உபதேசியாரு வாசல்ல நின்னு சொன்னத நானுந்தான் கேட்டேன். யாருக்கு ஒம்மேல கொற இருக்கோ அவங்ககிட்ட போன்னுதான் சொன்னாரு. ஒனக்கு யாரு மேல கொறன்னு அவரு கேக்கவேயில்ல. அந்தம்மா தலகீழாப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க."

நான் பேனாவை வைத்துவிட்டேன். அவள் சொன்னது சரி.

"அன்னைக்கு எங்கண்ணன் வந்திருந்துச்சு ஆத்தா. நோட்டன் பிரிட்ஜுலேருந்து கந்தப்பன் அண்ணன். எத்தன வருசத்துக்கு அப்புறம் வந்துச்சு. அந்தக் கருவாடு அதுக்குத்தான் சுட்டேன். தண்ணி விழுந்து சாம்பலெல்லாம் சோத்துல. மறுக்கா ஒல வைக்கிறேன்னேன், பஸ்ஸுக்கு நேரமாச்சு தங்கச்சின்னு வெறும் வயித்தோட போயிருச்சு. அதுதான் ஆத்தா எனக்கு ஆறல."

எங்கள் எல்லோருக்கும் இது தெரியும். சுவருக்கு மேலே எல்லாம் போய்விடும் என்று நாங்கள் யாரும் இதைத் தனியாக மார்த்தாளிடம் சொல்லவில்லை. அது நடந்தபோது அவள் கோயிலில் மன்னிப்பைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

7

"மார்த்தாளின் கண்களில் கரகரவென்று—"

எனக்கு எப்படித் தெரியும்? எனக்கும் அவளுக்கும் நடுவே இரண்டு சுவர். கேட்டதை மட்டும் எழுதுகிறேன். கம்பளிக்குள்ளிருந்து, இந்த முறை உண்மையாகவே சின்னக் குரலில்:

"ஆண்டவரே, தண்ணி ஊத்துனது நான்தான். அந்த அண்ணன் பட்டினியாப் போனது எனக்குத் தெரியாது. ராக்காயிகிட்ட சொல்லணும், வாய் வரமாட்டேங்குது. நீங்களே சொல்லிருங்க."

லயத்தில் இருமுகிறவர்கள்கூட இருமலை விழுங்கினார்கள்.

"மாரியாத்தா," என்றாள் ராக்காயி. "அவரு சொல்லிட்டாருன்னு அவகிட்ட சொல்லிரு."

இலக்கணம் சொல்லிக்கொடுக்கிறவன் என்பதால் ஒன்றைக் கவனித்தேன். அத்தனை நாளும் "அந்தம்மா". இப்போது "அவ". எனக்கு எழுந்து ஆட வேண்டும்போல இருந்தது. அங்கேயே முற்றுப்புள்ளி வைத்திருப்பேன்.

"இல்லீங்க ஆண்டவரே," என்றாள் மார்த்தாள். "நேர்ல போகணும்னுதான் எழுதியிருக்கு."

அவள் கதவு திறந்தது. காம்பராக்களுக்கு முன்னால் ஓடும் இஸ்தோப்புத் திண்ணையில் வெறுங்கால் சத்தம் நடந்து வந்து, ராக்காயி வாசலில் நின்றது.

8

நான் பேனாவை எடுத்தேன். முழு லயமும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் கடைசிக் காம்பரா வீரம்மா, காரணமே இல்லாமல், பானையை அகப்பையால் தட்டத் தொடங்கினாள். ஒரு கணம் எனக்கு விளங்கவில்லை. எதிர்முனையில் இராமையாவுக்கு விளங்கிவிட்டது. திருவிழாவுக்கு வைத்திருந்த தப்பை எடுத்து அடித்தார். யாரோ இல்லாத நாயைத் திட்டினார்கள். என் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாய்ப்பாட்டை ஆளுக்கொரு வரியாகத் தப்புத்தப்பாகக் கத்தினார்கள். அரிசி இல்லாத உரலில் உலக்கை விழுந்தது. அம்மி ஓடியது. கட்டியவர்கள் விட்டுப்போன அந்த ஒரு முழத்தை நாங்கள் எல்லோரும் சேர்ந்து சத்தத்தால் கட்டி முடித்தோம். அந்த மாலை எங்கள் லயத்தில் ஓர் அறைவீடு இருந்தது. அதற்குள் இரண்டு பெண்கள் இருந்தார்கள்.

கதவைத் திறந்தால் நான் பார்த்திருக்கலாம். என் கம்பளியை எடுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டேன். கைக்குக் கிடைத்ததை உரக்கப் படித்தேன். கிடைத்தது இந்தக் கதைதான்.

ஆகவே அவர்கள் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. மறுநாள் திருவிருந்தைப் பற்றியும் கேட்காதீர்கள். இவ்வளவு தூரம் படித்துவிட்டதால் நீங்களும் இப்போது இந்த லயத்தில்தான் இருக்கிறீர்கள், எனக்கு அடுத்த காம்பராவில். உங்கள் சுவரும் முக்கால்தான். அவர்கள் இன்னும் பேசி முடிக்கவில்லை.

கொஞ்சம் சத்தம் போடுங்கள். ஒன்றும் கிடைக்காவிட்டால் இந்தக் கதையையே முதலிலிருந்து உரக்கப் படியுங்கள்.