நடு வட்டம்

எதிர்காலத்தைப் பற்றி ஒருநாள் வகுப்பு என்று வியாபாரிகள் சங்கத்தில் அறிவித்தபோது, வேலையில்லாத எவனோ தலைவருக்குச் சொந்தக்காரன் என்றுதான் நினைத்தேன். நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். எதிரில் என்ன வரும் என்று எனக்கு எவனும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் வராதவர்கள் பெயரைக் கூட்டத்தில் வாசிப்பார்களாம். போய்த் தொலைத்தேன்.

வகுப்பெடுத்தவர் ஒல்லியாக இருந்தார். எதைச் சொன்னாலும் ‘ஒருவேளை’ என்றே ஆரம்பித்தார். டீ வருவதற்குள் அவருக்கு ஒருவேளை சார் என்று பெயர் வைத்தாயிற்று. எதிர்காலத்தை யாராலும் கணிக்க முடியாது, அதனால் ஒன்றுக்கு நாலாக யோசித்துத் தயாராக இருக்க வேண்டும் என்றார். முடியாது என்று சொல்வதற்கு ஒரு நாள் முழுக்க வேண்டுமா என்று பூட்டுக்கடைக்காரர் என் காதைக் கடித்தார்.

பிறகு ஆளுக்கொரு பெரிய தாள் கொடுத்தார்கள். நடுவில் வட்டம் போட்டு, வரக்கூடிய மாற்றம் ஒன்றை அதற்குள் எழுத வேண்டும். அது நடந்தால் என்னவெல்லாம் ஆகும் என்று அதைச் சுற்றி வட்டங்கள். அதனால் என்ன ஆகும் என்று அவற்றைச் சுற்றி இன்னும் வட்டங்கள். நான் நடுவில் ‘கார் தானே ஓடும்’ என்று எழுதினேன். என்னிடம் எல்லோரும் எதிர்பார்த்தது அதைத்தான். ஒருவேளை சார் என் தாளைத் தூக்கிக் காட்டிப் பாராட்டினார், மருந்துக்கடைக்காரர் கைதட்டினார்.

கார் தானாக ஓடினால் ஓடிவிட்டுப் போகட்டும். எனக்குப் பயம் என் கண்ணைப் பற்றி. உள்ளே அழுத்தம் ஏறிப் பக்கப் பார்வை போய்க்கொண்டிருக்கிறது என்று கண் டாக்டர் சொல்லியிருந்தார். போனது திரும்பாது, சொட்டு மருந்து விட்டால் மிச்சத்தைக் காப்பாற்றலாம், வண்டி ஓட்டுவதை விட்டுவிட வேண்டும். நான் எங்கே ஓட்டுகிறேன், பக்கத்து சீட்டில்தானே உட்காருகிறேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த சீட்டுக்குக் கீழே எனக்கென்று ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்ள வருகிறவர்கள் கவனிக்காததை நான் கவனித்து மிதிப்பதற்காக வைத்தது. அதை மட்டும் நான் யோசிக்கவில்லை. யோசிக்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டேன்.

அன்று வீட்டுக்கு வந்ததும் குளியலறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு இன்னொரு தாளை எடுத்தேன். நடு வட்டத்தில் ‘என் கண்’ என்று எழுதினேன். எந்தப் பக்கமாகச் சுற்றிப் போனாலும் கடைசி வட்டத்தில் என் மனைவி வந்து நின்றாள். ஆஸ்பத்திரிக்கு யார் ஓட்டுவது? அவள். வகுப்புகளை யார் நடத்துவது? அவள். அவளுக்கு ஓட்டத் தெரியாது. கல்யாணமான புதிதில் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். ரவுண்டானாவில் நான் போட்ட சத்தத்தில் வண்டியை அப்படியே நிறுத்திவிட்டு, இறங்கி, நடந்தே வீட்டுக்குப் போய்விட்டாள். அதோடு சரி. என்னிடம் திட்டு வாங்கியவர்கள் போனில் அழும்போது அவர்களைச் சமாதானப்படுத்துவதுதான் எங்கள் ஓட்டுநர் பள்ளியில் அவள் பார்க்கும் வேலை.

வட்டத்துக்குள் யார் வருகிறார்களோ அவர்களிடம் தாளைக் காட்டிப் பேசுங்கள் என்று ஒருவேளை சார் வீட்டுப்பாடம் கொடுத்திருந்தார். குப்பையைக் கொட்டுகிறவளும் அவள்தான் என்பதால் தாளைப் பொடிப்பொடியாகக் கிழித்துப் போட்டேன்.

மறுநாள் சாப்பிடும்போது, வண்டி ஓட்டக் கற்றுக்கொள்கிறாயா என்று கேட்டேன். அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். நிச்சயமில்லாத காலம், எதற்கும் தயாராக இருக்க வேண்டும் என்று வகுப்பில் கேட்டதையெல்லாம் ஒப்பித்தேன். ஒருவேளை சார் எனக்கு அன்றுதான் உருப்படியாக உதவினார். கத்தினால் இறங்கிப் போய்விடுவேன் என்று மட்டும் சொன்னாள்.

கத்தவில்லை. பெட்டிப்பாம்பாக உட்கார்ந்திருந்தேன். அவள் கியரைப் போட்டு அரைத்தாள். பரவாயில்லை, பரவாயில்லை என்றேன். போகப்போக நன்றாகவே ஓட்டினாள். எனக்குப் பெருமையாக இருந்தது. இத்தனை வருஷத்தை வீணாக்கிவிட்டோமே என்று என் மேலேயே எரிச்சலாகவும் இருந்தது.

ஒருநாள் நூலகத்துக்கு முன்னால் ஆட்கள் ரோட்டைக் கடக்கும் கிராசிங்கில் திடீரென்று வண்டியை நிறுத்தினாள். ரோடு காலியாகக் கிடந்தது. பின்னால் ஒருவன் ஹாரனை அமுக்கினான். இத்தனை நாளாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் எனக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"ஆளே இல்லாத ரோட்ல யாருக்குடி நிறுத்துற?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. என்னைத் தாண்டி, என் கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கத்திலிருந்து, கைக்குழந்தையை உட்கார வைத்த தள்ளுவண்டியோடு ஒரு பெண் எங்கள் காருக்கு முன்னால் வந்தாள். முதலில் வண்டி, பிறகு கை, பிறகு அவள். என் மனைவிக்குத் தலையசைத்து நன்றி சொல்லிவிட்டுக் கடந்து போனாள்.

கத்தியதற்கு என் மனைவி இறங்கிப் போகவில்லை. கிராசிங்கைத் தாண்டி வண்டியை ஓரங்கட்டி, ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள்.

"எவ்வளவு நாளா?"

அத்தனை வட்டம் போட்டேன், இந்தக் கேள்வி எதற்குள்ளும் இல்லை. டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். குளியலறையில் உட்கார்ந்து வட்டம் போட்டதையும் சொன்னேன்.

"நான் வண்டி ஓட்டணும்னு தோணியிருக்கு. என்கிட்ட சொல்லணும்னு தோணலையா?"

"பயமா இருந்துச்சு" என்றேன்.

அடுத்த வகுப்பு யாருக்கு என்று கேட்டாள். மருந்துக்கடைக்காரர் மகளுக்கு. போனை எடுத்து, அவரைக் கூப்பிட்டு, என் கையில் கொடுத்தாள். காய்ச்சல் என்று சொல்லட்டுமா என்று ஜாடையில் கேட்டேன். அவள் என் கையைப் பிடித்துப் போனை என் காதில் வைத்தாள்.

"எனக்குக் கண்ணு சரியாத் தெரியலீங்க. இனிமே உங்க பொண்ணுக்கு நான் சொல்லித்தர முடியாது" என்றேன்.

அவர் கேட்டது ஒன்றுதான்.

"போன வாரம் அவ ஓட்டினப்போ தெரிஞ்சுதா?"

"அப்பவும் தெரியல."

போன் கட்டாகிவிட்டது. என் மனைவி அதை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு வண்டியை எடுத்தாள்.

எங்கள் தெருவுக்குத் திரும்புகிற முக்கில் நின்றாள். இந்த மாதிரி இடத்தில், அந்தப் பக்கம் ஏதாவது வருகிறதா என்று பக்கத்து சீட்டுக்காரரை ஒரு வார்த்தை கேட்பது ஓட்டுகிறவர்கள் எல்லோருக்கும் பழக்கம். இத்தனை நாளும் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். நானும், போ, ஒண்ணுமில்ல என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

இன்றைக்குக் கேட்கவில்லை. முன்னால் சாய்ந்து, என்னைத் தாண்டி எட்டி, அந்தப் பக்கத்தைத் தானே பார்த்துவிட்டுத் திருப்பினாள்.