இருபது நிமிட அழைப்பு

பினாங்கில் எங்கள் ஐந்தாம் ஆண்டு வகுப்பும் கென்யாவில் ஒரு வகுப்பும் இணையத்தில் சேர்ந்து மழையை அளந்துவந்தோம். என் மாணவி யோகிதாவும் அங்கிருந்த அச்சியெங் என்ற சிறுமியும் அந்த இணையப் பதிவேட்டில் ஒரே பக்கத்தில் மாறி மாறி எழுதினார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை.

நேற்றுதான் முதல் வீடியோ அழைப்பு. அவர்களுக்குப் பரீட்சை நாள் என்பதால் இருபது நிமிடம்தான் என்று முன்பே சொல்லிவிட்டார்கள்.

எங்கள் தலைமையாசிரியர் தங்கராஜுவுக்கு நிகழ்ச்சி என்றால் பேனர் வேண்டும், கடவுள் வாழ்த்து வேண்டும், பெற்றோர் சங்கத் தலைவரின் உரை வேண்டும். திரைக்கு மாலை போடாத குறைதான். கென்யப் பிள்ளைகள் புரியாத தமிழைக் கேட்டுக்கொண்டு காத்திருந்தார்கள். அச்சியெங்கிடம் காட்டுவதற்காக பாலிக் புலாவ் ஊரிலுள்ள தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த ஜாதிக்காய் ஊறுகாய்ப் போத்தலை யோகிதா கீழே வைக்கவே இல்லை.

"சார், டைம் முடியப் போகுது. பிள்ளைங்கள பேச விடுங்க சார்."

"இருங்க டீச்சர், ஒரே ஒரு குரூப் போட்டோ லா. ரிப்போர்ட்டுக்கு வேணும்."

திரைக்கு முன்னால் பிள்ளைகளை நிறுத்தி, கட்டைவிரலைத் தூக்கச் சொன்னார். அழைப்புக்கான எங்கள் கேமரா திரைக்கு மேலே இருக்கிறது.

"சார், அவங்களுக்கு நம்ம முதுகுதான் தெரியும்."

"ஒரு நிமிஷம் டீச்சர்."

பேனர் சாய்ந்திருந்ததாம், மறுபடியும் எடுத்தார்கள். பிள்ளைகள் திரும்பியபோது திரை கறுத்திருந்தது.

பள்ளியின் முகநூலில் படம் நன்றாகவே வந்திருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தேன். எங்கள் பிள்ளைகளின் தலைகளுக்குப் பின்னால், திரையில், ஒரு சிறுமி யோகிதாவின் பெயர் எழுதிய தாளை இரு கைகளாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.