குடிபோகுமுன் பதினொரு கேள்விகள்

அம்மாவின் துணிகளைப் பையில் திணித்துக்கொண்டிருந்தாள் சப்ரின். வெளியே வேப்பமரத்தடியில் தார்ப்பாய் கட்டி அவளைப் பெற்ற அத்தாவின் உடலைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். அது முடிவதற்குள் பை கட்டியாக வேண்டும் என்பது ஹுமாயூன் மாமாவின் உத்தரவு. மையத்து வண்டி காரைக்குடிக்குக் கிளம்பும்போதே பின்னால் காரில் அம்மாவையும் ஏற்றிவிட வேண்டுமாம்.

அம்மாவின் அண்ணன் அவர். நல்லவர்தான். ஆனால் அடுத்தவர் வாழ்க்கையை எடுத்து நடத்துவதில் அவருக்கு அலுப்பே கிடையாது. காட்டுக்குள் வந்து உட்காருவதற்கு முன்னால் நாலையும் பார்த்திருக்க வேண்டாமா என்று காலையிலிருந்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். நேற்று அத்தாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது மழைச் சேற்றில் ஆம்புலன்ஸ் உள்ளே வர முடியாமல் தார்ரோட்டிலேயே நின்றுவிட்டது. பக்கத்து வயல் நாகநாதனும் மூன்று பேரும் அத்தாவைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வண்டியில் ஏற்றும்போதே உயிர் இல்லை.

மாமாவை மறுத்துப் பேச சப்ரினுக்கு வாய் வரவில்லை. இதையெல்லாம் நாலு வருடத்துக்கு முன்பே எழுதிக் கேட்டவள் அவள். சவூதியில் இருபத்தாறு வருடம் கிடந்துவிட்டு வந்த அத்தா, காளையார்கோவில் பக்கம் ரெண்டு ஏக்கரும் ஓட்டுவீடும் வாங்கப்போகிறேன் என்றதும் வாட்ஸ்அப்பில் பதினொரு கேள்வி அனுப்பினாள். கிணறு கோடையில் வற்றுமா, தண்ணீர் உப்பா, பாதை யார் பட்டாவில் போகிறது, மழைக்கு வண்டி வருமா, ஆஸ்பத்திரி எத்தனை கிலோமீட்டர், பாம்பு கடித்தால் மருந்து எங்கே கிடைக்கும். அத்தா ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகக் குரலில் பதில் அனுப்பினார். பாதைக்கு மட்டும், வரப்பு வழியாக நடந்துகொள்ளலாம் என்று சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பை நினைத்து நேற்றிலிருந்து அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. இறந்தவர்மேல் கோபப்படுவது பாவம் என்று தெரிந்தும் வந்தது.

வெள்ளைக் கபன் துணி சுற்றி முகம் காட்டினார்கள். அம்மா வெள்ளைச் சேலையில் வந்து, அத்தாவின் தாடியில் ஒட்டியிருந்த கற்பூரத் துணுக்கைத் தட்டிவிட்டாள். திரும்பும்போது மாமா வாசலை மறித்து நின்றார்.

"கார் தார்ரோட்டுல நிக்கிது அஜீஸா. நம்ம வீட்டு மாடியில ரூம் ஒழிச்சாச்சு. அங்க வந்து இத்தா இரு. இந்த எடத்துக்கு ஆளு இருக்கு, குடுத்துரலாம்."

இத்தா என்பது விதவை வெளியே போகாமல் இருக்கும் நாலு மாதம் பத்து நாள். அது முடிவதற்குள் இடம் கைமாறியிருக்கும். அப்புறம் அம்மா திரும்பி வர வீடு இருக்காது.

"இத்தா புருசன் வீட்டுலதான் இருக்கணும்ண்ணே. அஜ்ரத்தைக் கேளுங்க."

அங்கே நின்ற பள்ளிவாசல் அஜ்ரத்திடம் மாமா கேட்டார். கணவனோடு இருந்த வீட்டிலேயே இருப்பதுதான் முறை, பயமோ ஆபத்தோ இருந்தால் மாறிக்கொள்ளலாம் என்றார் அவர். கடைசி வார்த்தையை மாமா கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பாம்பு கிடக்கிறது, பாதை இல்லை, இதைவிட என்ன பயம் வேண்டும் என்றார்.

"எனக்குப் பயமில்லையே" என்றாள் அம்மா.

மாமாவுக்கு முகம் சிவந்தது. "ஆஸ்பத்திரி பக்கத்துல இருந்திருந்தா மச்சான் இன்னைக்கி உசுரோட இருந்திருப்பாக. அதையாவது யோசிச்சியா?"

அம்மா கபன் துணிக்குள் தெரிந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒங்க வீட்டுப் பின்கட்டுல இருபத்தாறு வருசம் இருந்தேன். எதுத்தாப்ல ஆஸ்பத்திரி இருந்துச்சு, அவுக இல்ல. இங்கன நாலு வருசம் அவுக இருந்தாக. நானும் யோசிச்சுத்தாண்ணே வந்தேன்."

மாமா சப்ரினைப் பார்த்து, நீயாவது சொல்லு புள்ள என்றார். தன்னுடைய பதினொரு கேள்வியில் இது இல்லையே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கட்டிலில் கவிழ்த்தாள். நாலு சேலையும் மாத்திரை டப்பாவும் விழுந்தன.

அத்தாவைக் கிடத்திய சந்தூக்கைத் தோளில் ஏற்றி, தார்ரோட்டில் நின்ற மையத்து வண்டிக்குப் போக ஆண்கள் வரப்பில் இறங்கினார்கள். முன் காலை நாகநாதன் பிடித்திருந்தார். மாமாவும் ஒரு காலுக்குத் தோள் கொடுத்துச் சேற்றில் நடந்தார்.

இத்தா இருக்கும் அறையை வெளியாள் பார்க்கக் கூடாதென்று சப்ரின் ஜன்னலில் ஒரு போர்வையைக் கட்டப்போனாள். அம்மா அதை வாங்கி மடித்து வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் பாயை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சந்தூக்கு பனைமரங்களுக்கு அந்தப் பக்கம் மறைகிற வரை இருவரும் பார்த்தார்கள்.

சந்தடி அடங்கியதும் கடலைக் கொல்லையில் நாலு மயில்கள் இறங்கின. அம்மா எழுந்து, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஏய்ய்" என்று கத்தினாள். மாமா வீட்டில் அவள் பேசுவது அடுத்த அறைக்குக் கேட்காது. மூன்று மயில்கள் பறந்துபோய் வரப்பில் உட்கார்ந்தன. ஒன்று மட்டும் கழுத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி கொத்தத் தொடங்கியது.

அம்மா மறுபடி கத்தினாள்.