கிட்டாரில் மூன்று பொட்டு

கல்லிடைக்குறிச்சியில் அம்பலவாணன் செய்த கதவை யாரும் குறை சொன்னதில்லை. சொன்னால் அவருக்குப் பிடிக்காது என்பது வேறு விஷயம். முப்பது வருஷமாக நிலையும் கதவும் இழைத்த கை. அந்தக் கைதான் நாலு மாதமாக ஒரு கிட்டாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது.

கதவில் சின்ன இடைவெளி விழுந்தால் மரத்தூளையும் பசையையும் குழைத்து அப்பி, மேலே பெயிண்ட் அடித்துவிடலாம். கிட்டாரில் அந்தச் சாமர்த்தியம் பலிக்கவில்லை. பின்பலகையில் அப்பிய இடம் பாலிஷ் பட்டதும் தேமல் மாதிரி திட்டுத் திட்டாகத் தெரிந்தது. பலகையையே பிரித்தெடுத்து வேறு போட்டார். பக்கப் பலகை வளைக்கும்போது லேசாகக் கருகியது. அதையும் தூக்கி எறிந்தார். கழுத்தில் உளி சறுக்கி நகக்கீறல் அளவுக்கு ஒரு கோடு. அதற்காகக் கழுத்தைப் புதிதாகச் செதுக்கினார். செல்போன் வீடியோவில் கற்றுக்கொடுத்த ஆள், முதல் கிட்டாரில் இதெல்லாம் சகஜம், வாசிக்க ஒன்றும் கெடாது, விட்டுவிடுங்கள் என்றுதான் சொன்னான். அவருக்கு விட மனம் வரவில்லை.

காரணம் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், வேலைக்கு வராமல் வீட்டில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்த மகன் நெல்லையப்பனின் கிட்டாரைப் பிடுங்கி, வாசல் நிலையில் ஒரே அடி அடித்து நொறுக்கியவர் அவர்தான். மறுநாளே பையன் கோயம்புத்தூருக்கு பஸ் ஏறிவிட்டான். இப்போது பம்பு கம்பெனியில் வேலை. அம்மாவிடம் தினமும் பேசுவான். அப்பா என்ற ஒரு ஜீவன் வீட்டில் இருப்பதாகவே காட்டிக்கொள்ள மாட்டான்.

கோபப்பட்டது தப்பு என்று அம்பலவாணனுக்கு அன்று ராத்திரியே தெரிந்துவிட்டது. அதை வாய்விட்டுச் சொல்லத்தான் நாக்கு எழவில்லை. அதனால் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டிருந்தார்: ஒரு பொட்டுக் குறை இல்லாத கிட்டாரைப் பையன் கையில் கொடுத்துவிட்டால், பேச வேண்டியது ஒன்றும் இருக்காது. தீபாவளிக்கு ஒருவேளை வந்தாலும் வருவான் என்று மனைவி சுப்புலக்ஷ்மி சொல்லியிருந்தாள். யாருக்காகச் செய்கிறார் என்று அவளிடம்கூட அவர் மூச்சுவிடவில்லை.

ஆயுத பூஜைக்கு முகப்புப் பலகையும் ஒட்டி முடிந்து, பாலிஷ் மட்டும்தான் பாக்கி. பால் ஏடு மாதிரி வெளுத்த பலகை. அவர் பொரியும் பூவும் வாங்க அம்பாசமுத்திரம் போய்விட்டுத் திரும்பி வந்தபோது, இழைப்புளி, உளி, ரம்பம் எல்லாம் பொட்டோடு வரிசையாக இருந்தன. நடுநாயகமாகக் கிட்டார். அதன் முகப்பில் சந்தனம் குழைத்து மூன்று பொட்டு, ஒவ்வொன்றின் மேலும் குங்குமம்.

பதறிப்போய் ஈரத்துணியால் துடைத்தார். துடைக்கத் துடைக்க மஞ்சளும் சிவப்பும் கலந்து பாலிஷ் படாத மரத்துக்குள் இறங்கியது.

"ஏட்டி, ஒனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினார்.

சுப்புலக்ஷ்மி அழவில்லை. "எந்த நெலை வச்சாலும் நீங்கதான மொதல்ல மஞ்ச தடவுதிய," என்றாள். "ஒரு பொட்டு வைக்காம இத எப்படிப் புள்ள கையில குடுப்பிய?"

இத்தனை நாளும் தெரிந்துகொண்டேதான் வாய் திறக்காமல் இருந்திருக்கிறாள். அவரும்தான் எத்தனை நிலைக்கு அப்படித் தடவியிருக்கிறார். பெயிண்ட் மேலே ஏறிவிடும் என்பதால் ஒருநாளும் யோசித்ததில்லை.

பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் காலைவரை தொடக்கூடாது. உப்புத்தாளும் பூஜையில்தான் இருந்தது. கறை ஊறிக்கொண்டிருக்க, அவர் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

விஜயதசமி காலையில் கற்பூரம் அணைந்ததுமே உப்புத்தாளை எடுத்துவிட்டார். தேய்க்கத் தேய்க்கக் கறை வெளிறியதே தவிர, போகவில்லை. பத்து மணிக்குப் பட்டறைக் கதவைச் சாத்திவிட்டு, செல்போன் டார்ச்சை எரியவிட்டு கிட்டாரின் வயிற்றுக்குள் வைத்துப் பார்த்தார். பலகை முழுக்க மங்கலாகச் சிவந்திருக்க, பொட்டு வைத்த மூன்று இடத்திலும் பலகை மெலிந்து வெளிச்சம் பளிச்சென்று வந்தது. இன்னும் கொஞ்சம் தேய்த்தால் கம்பி இழுவை தாங்காது, பலகை பிளந்துவிடும். தேய்க்காவிட்டால் கறை நிற்கும். இரண்டாவது தடவையும் தன் கையாலேயே பையனின் கிட்டாரை உடைக்கப்போகிறோம் என்று அவருக்குத் தெரிந்தது. ஆனாலும் கையிலிருந்த உப்புத்தாளைக் கீழே போட அவரால் முடியவில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு சுப்புலக்ஷ்மி வந்தாள். "இன்னும் எம்புட்டுத்தான் தேய்ப்பிய?" என்று கேட்கும்போதே அவள் கையிலிருந்த போன் அடித்தது. பையன்தான். அம்பலவாணன் கையை நீட்டினார். இரண்டு வருஷத்தில் இல்லாத வழக்கம். அவள் தயங்கிக் கொடுத்தாள்.

"அப்பா பேசுதேன்."

அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"ஒனக்கு ஒரு கிட்டார் செஞ்சேன். மொகத்துல மஞ்சக் கறை விழுந்துட்டு. போவ மாட்டேங்கு."

அந்தப் பக்கம் மிஷின் ஓடும் இரைச்சல் மட்டும் கேட்டது.

"ஒன்னோடத நான் ஒடச்சிருக்கக் கூடாதுப்பா."

"அம்மைட்ட குடுங்க" என்றான் பையன்.

அவ்வளவுதான். போனைக் கொடுத்துவிட்டு அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். இதற்குப் பேசாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. பின்னால் அவள் குரல் கேட்டது. "ஆமா, பொட்டுதான், மூணு... நாந்தாம்ல வச்சேன்... காலையில இருந்து தேய்ச்சுக்கிட்டுத்தான் இருக்காவ." பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

போனை வைத்ததும், "தீவாளிக்கு வாரானாமா?" என்று திரும்பாமலே கேட்டார்.

"அதச் சொல்லல," என்றாள். கிட்ட வந்து அவர் கையிலிருந்து உப்புத்தாளை வாங்கிக்கொண்டாள். "இனிமே தேய்க்காண்டாம்னு மட்டும் சொல்லுதான்."