கரடிக்கு ஒரே ஒரு வரி

துணி அலமாரிக்குள் உட்கார்ந்து, தலைக்கு மேல் போர்வையைப் போர்த்திக்கொண்டு, நான் அணிலாகக் கத்திக்கொண்டிருந்தேன். நோய்க்குப் பயந்து ஸ்டூடியோக்களை மூடிய பிறகு, குரல் கொடுக்கும் எங்கள் பிழைப்பு அலமாரிக்குள் வந்துவிட்டது. தொங்குகிற சட்டைகள் எதிரொலியை விழுங்கிவிடும். வியர்வையைத்தான் விழுங்காது. வீட்டில் அடைபட்ட குழந்தைகளுக்காக நாங்கள் சில பேர் சேர்ந்து ஓர் ஒலி நாடகம் செய்துகொண்டிருந்தோம். காட்டில் வெள்ளம், மரத்துக்கு ஒன்றாக மிருகங்கள். அவரவர் வசனத்தை அவரவர் வீட்டில் பேசி அனுப்பினால், எடிட்டர் தன் சமையலறையில் உட்கார்ந்து கோத்துவிடுவாள். யாரும் கேட்டுச் செய்யவில்லை. செய்யாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது.

அலமாரிக்குப் பின்னால் சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர். மருந்துக் கடையில் வேலை. காய்ச்சல் வந்த அன்றே படுக்கையறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். தட்டை வாசலில் வைத்துவிட்டு நான் விலகிய பிறகுதான் கதவு திறக்கும். பேச்செல்லாம் போனில். விரலில் மாட்டும் கருவி காட்டும் ஆக்ஸிஜன் அளவையும் அவரே பார்த்துச் சொல்வார். "சூப்பரா இருக்கு. நீ உன் அணிலைப் பாரு." ஆரம்பத்தில் சுவர் அதிர இருமினார்; என் வசனத்தில் பாதி அவர் இருமல்தான். பிறகு குறைந்தது, பிறகு சத்தமே இல்லை. தேறிவிட்டார் என்று நினைத்துக்கொண்டு நானும் ஒரே டேக்கில் பேசி முடித்துக்கொண்டிருந்தேன்.

அன்று மதியம், பதிவு செய்ததை ஹெட்போனில் கேட்டேன். அனுப்புவதற்கு முன் சத்தத்தை உச்சத்துக்கு ஏற்றி, வசனங்களுக்கு நடுவில் இருக்கும் மௌனத்தைக் கேட்பது எங்கள் வழக்கம். மின்விசிறி, குழாய்ச் சொட்டு எல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும். அங்கே இருமல் இருந்தது. தலையணையில் முகம் புதைத்து இருமுகிற இருமல். அதன் பின்னால் மூச்சு. படிக்கட்டு ஏறி ஓடி வந்தவரின் மூச்சு. படுத்திருக்கிற மனிதருக்கு எதற்கு அப்படி மூச்சு வாங்குகிறது? நான் பேசத் தொடங்கினால் அடங்குகிறது. முடித்ததும் பிய்த்துக்கொண்டு வருகிறது. என் டேக் கெட்டுவிடக் கூடாதென்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார். பளாரென்று ஒன்று வைக்கலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது.

ஆஸ்பத்திரி என்று வாயைத் திறந்தால் கதவைத் திறக்கமாட்டார். கடையில் தன்னோடு வேலை பார்த்தவரை ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டது இவர்தான். அவர் திரும்பி வரவில்லை. "என்னை அங்க மட்டும் அனுப்பிடாதே" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். எப்படி இருக்கிறது என்று கேட்டால் சூப்பர் என்பார். யோசித்துவிட்டு, போன் செய்தேன்.

"ஏங்க, கரடிக்கு ஆள் கிடைக்கல. ஒரே ஒரு வரி. நீங்க பேசறீங்களா?"

"நானா?" குரலில் ஏக சந்தோஷம். நான் தன்னை மைக் பக்கமே விடுவதில்லை என்று பல வருடக் குறை அவருக்கு.

"ஒரே மூச்சுல சொல்லணும். நடுவுல நிறுத்தக் கூடாது."

வரியைச் சொல்லிக் கொடுத்தேன். "வெள்ளம் வடியற வரைக்கும் அவங்கவங்க மரத்துலயே இருங்க, ஒருத்தரை ஒருத்தர் கூப்பிட்டுக்கிட்டே இருங்க." சின்னப் பிள்ளைகூட ஒரே மூச்சில் சொல்லிவிடும்.

"வெள்ளம் வடியற..." நின்றார். "வரைக்கும்..." மறுபடி நின்றார். "அவங்கவங்க..."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"கெடுத்துட்டேனா?" என்றார். "இன்னொரு டேக்... போலாமா?"

"போலாம். கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க." என் குரல் பிசகவில்லை, சோறு போடுகிற குரல் அல்லவா. இன்னொரு கையால் கம்ப்யூட்டரில் எடிட்டருக்குத் தட்டினேன்: ஆம்புலன்ஸ் கூப்பிடு, என் வீட்டுக்கு. ஏன் என்று அவள் கேட்கவில்லை. கூப்பிட்டாச்சு, பக்கத்துலயே வண்டி இருக்கு, கிளம்பிட்டாங்க என்று பதில் வந்தது.

"ஏங்க, இந்தத் தடவை குப்புறப் படுத்துக்கோங்க. அப்பதான் கரடிக்குக் குரல் சரியா வரும்."

குப்புறப் படுத்தால் மூச்சு கொஞ்சம் சீராகும் என்று கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் சொல்லி அனுப்பியவர் அவர்.

"கண்டுபிடிச்சிட்டியா?" என்றார்.

"ம்."

"யாரைக் கூப்பிட்ட?"

நான் சொல்லத் தேவையில்லாமல் தெருமுனையில் சைரன் கேட்டது. அலமாரியிலிருந்து இறங்கி அவர் அறைக் கதவருகே போய் நின்றேன். உள்ளே கட்டில் முனகியது. கால்கள் தரையில் இழுபட்டு வந்தன. தாழ்ப்பாளில் கை பட்ட சத்தம் கேட்டது. ஆனால் அதை இழுக்கவில்லை. மனம் வரவில்லையா, தெம்பில்லையா தெரியவில்லை. நெற்றியைக் கதவில் வைத்துக்கொண்டேன். பலகைக்கு அந்தப் பக்கம், என் முகத்துக்கு நேராக, அவர் மூச்சு வந்து வந்து மோதியது. கீழே வண்டி நின்றது.